படைப்புத்துறைப் பணியிடங்களில் நரம்பியல் பன்முகத்தன்மை

நரம்பியல் பன்முகத்தன்மை என்பது, மனித மூளைகள் கவனிப்பதிலும் உணர்வதிலும் கற்பதிலும் பிறரோடு பழகுவதிலும் இயல்பாகவே வேறுபடுகின்றன என்பதைக் குறிக்கும் கருத்தாகும். ஆங்கிலத்தில் நியூரோடைவர்சிட்டி எனப்படும் இச்சொல் 1990களின் இறுதியில் வழக்குக்கு வந்தது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகுசெயல்பாடும், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு, டிஸ்பிராக்சியா, டூரெட் நோய்த்தொகை முதலியவை இக்கருத்தின் கீழ்ப் பேசப்படுகின்றன.

ஓவியம், இசை, நாடகம், திரைப்படம், அனிமேஷன், விளம்பரம், வடிவமைப்பு, பதிப்பு ஆகியவை படைப்புத்துறைகள் எனப்படும். மாறுபட்ட சிந்தனையே தங்கள் மூலதனம் என்று இத்துறையினர் கூறுவது வழக்கம். ஆனால் இத்துறைகளில் ஆள் எடுக்கும் முறையும், கூட்டம் நடத்தும் முறையும், அலுவலகம் அமைந்திருக்கும் முறையும் மாறுபட்டுச் சிந்திப்பவரை வாசலிலேயே நிறுத்திவிடுவதுண்டு. வேலையைச் செய்யும் திறன் இருந்தும், வேலைக்குத் தொடர்பில்லாத காரணங்களால் ஒருவர் வெளியேற்றப்படுகிறார். அந்தக் காரணங்களை அடையாளம் கண்டு நீக்குவதே நரம்பியல் உள்ளிணைப்பு எனப்படுகிறது.

பெயர் வந்த வழி

இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், ஆட்டிசம் உடைய பெரியவர்கள் மின்னஞ்சல் குழுக்கள் வழியாக ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். அதுவரை அவர்களைப் பற்றிப் பெரும்பாலும் மருத்துவர்களும் பெற்றோர்களுமே பேசிவந்தனர். 1993இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஜிம் சின்கிளேர், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகத் துக்கப்பட வேண்டாம் என்று பெற்றோர்களை நோக்கி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. ஆட்டிசம் என்பது குழந்தைக்குள் ஒளிந்திருக்கும் நோயன்று, அக்குழந்தை உலகை அறியும் வழியே அது என்பது அவர் கருத்து.

1998இல் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் தம் பட்ட ஆய்வேட்டில் நியூரோடைவர்சிட்டி என்ற சொல்லைக் கையாண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஹார்வி புளூம் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையிலும் இச்சொல் இடம்பெற்றது. இக்கருத்து தனியொருவரின் கண்டுபிடிப்பன்று, அந்த மின்னஞ்சல் குழுக்களில் பலர் பேசிப் பேசி உருவானது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

இங்கு ஒரு சொல் வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நலம். பன்முகத்தன்மை என்பது ஒரு கூட்டத்தின் பண்பு, தனிமனிதரின் பண்பன்று. ஒரு வகுப்பில் பல மொழி பேசும் மாணவர்கள் இருந்தால் அந்த வகுப்பைப் பன்மொழி வகுப்பு என்கிறோம். அதில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவரைப் 'பன்மை' என்று சொல்வதில்லை. அதுபோல எல்லா மனிதரும் சேர்ந்ததே நரம்பியல் பன்முகத்தன்மை. பெரும்பான்மையோரிடமிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடும் மூளை அமைப்பு உடையோரை நரம்பியல் மாறுபாடு உடையோர் என்றும், ஏனையோரைப் பெரும்பான்மை அமைப்பினர் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

இக்கருத்துக்குப் பின்புலமாக அமைந்தது மாற்றுத்திறனாளிகள் இயக்கம். 1976இல் பிரிட்டனில் உடல் குறைபாடு உடையோரின் சங்கம் ஒன்று, உடலில் உள்ள குறை வேறு, அக்குறை உடையோருக்குச் சமூகம் ஏற்படுத்தும் தடை வேறு என்று வரையறுத்தது. பின்னர் மைக் ஆலிவர் என்ற அறிஞர் இதற்குச் சமூக மாதிரி என்று பெயரிட்டார். சக்கர நாற்காலியில் வருபவரை நூலகத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பவை படிக்கட்டுகளே. சாய்தளம் அமைத்தால் அவரது கால்கள் குணமாவதில்லை. ஆனால் அவர் நூல் எடுத்துப் படிக்க முடிகிறது. நரம்பியல் மாறுபாடுகளிலும் இத்தகைய படிக்கட்டுகள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

முக்கிய மாறுபாடுகள்

ஆட்டிசம்: சமூகத் தொடர்பு கொள்ளும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை, மணம் ஆகியவற்றை உணரும் அளவிலும் வேறுபாடு இருக்கும். ஆழ்ந்த ஈடுபாடும், நாள்தோறும் ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் விருப்பமும் காணப்படும். 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவர். இவர்களுள் சிலருக்குப் பேச்சு வராது. அன்றாடத் தேவைகள் அனைத்துக்கும் உதவி தேவைப்படும். சிலர் தனியே வாழ்ந்து உயர்கல்வி கற்பர்.

ஏடிஎச்டி: கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்துவது கடினமாக இருக்கும். கவனமே இல்லை என்பது இதன் பொருளன்று. பிடித்த வேலையில் உணவையும் மறந்து மணிக்கணக்கில் மூழ்கியிருப்பவர், ஒரு சிறு படிவத்தை நிரப்ப முடியாமல் நாள்கணக்கில் தள்ளிப்போடுவார். நேரம் கழிவதை உணர்வதும் இவர்களுக்குக் கடினம்.

டிஸ்லெக்சியா: அறிவுத்திறனில் குறைவின்றி, எழுத்துகளை ஒலிகளோடு இணைப்பதிலும், விரைவாக வாசிப்பதிலும், பிழையின்றி எழுதுவதிலும் இடர்ப்பாடு ஏற்படும். 1896இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பிற பாடங்களில் கூர்மையாக இருந்தும் வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். தமிழில் ல, ள, ழ எழுத்துகளையும் ர, ற எழுத்துகளையும் மாற்றி எழுதுவது பலருக்கும் உள்ள பழக்கம். அது மட்டுமே டிஸ்லெக்சியா ஆகாது. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின்னும் வாசிப்பு மெதுவாகவும் களைப்பூட்டுவதாகவும் இருப்பதே கவனிக்கத்தக்க அடையாளம்.

டிஸ்பிராக்சியா: உடல் அசைவுகளைத் திட்டமிடுவதிலும் ஒருங்கிணைப்பதிலும் உள்ள இடர்ப்பாடு இது. கையெழுத்து, கருவிகளைக் கையாளுதல், செயல்களை வரிசைப்படுத்துதல் ஆகியவை பாதிக்கப்படும்.

டூரெட் நோய்த்தொகை: விருப்பமின்றி உடல் அசைவுகளும் ஒலிகளும் திரும்பத் திரும்ப வெளிப்படும். அவற்றைச் சிறிது நேரம் அடக்க முடியும். ஆனால் அதற்குப் பெருமுயற்சி தேவை.

ஒருவருக்கே இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து காணப்படுவதும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வெளிவரும் வரை, ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே இருப்பதாக அதன்படி முடிவுசெய்ய இயலாது. ஆகவே அதற்கு முன் வளர்ந்தவர்கள் பலர் பாதி விளக்கத்துடனோ, எந்த விளக்கமும் இன்றியோ வேலைக்கு வந்தவர்கள். தாம் சோம்பேறி என்றும் அக்கறையற்றவர் என்றும் பள்ளியில் கேட்டதையே நம்பி வாழ்ந்தவர்களும் அவர்களுள் உண்டு.

நேர்காணல் என்னும் முதல் தடை

பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் வெளியான ராபர்ட் பக்லண்டின் அறிக்கை, வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் உடையோரில் பத்துக்கு ஏறத்தாழ மூவரே வேலையில் இருப்பதாகக் கூறியது. நேர்காணலில் பொதுவான, தெளிவற்ற கேள்விகள் கேட்கப்படுவதும், முதல் தோற்றத்தை வைத்து மதிப்பிடுவதும் தடைகளாக உள்ளன.

முதல் தோற்றம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை நோவா சாசனும் அவரது குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆட்டிசம் உடையவர்களும் பிறரும் பேசும் மிகச்சிறு பதிவுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, அவர்களைப் பற்றிய எண்ணத்தைக் கேட்டனர். ஒளிப்பதிவைப் பார்த்தவர்களும் குரலைக் கேட்டவர்களும் ஆட்டிசம் உடையவர்களைக் குறைவாக மதிப்பிட்டனர். அவர்களோடு பழகவும் தயங்கினர். ஆனால் அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை. சொன்ன செய்தியில் குறை இல்லை. கண்ணைப் பார்க்காத பார்வையும், ஏற்ற இறக்கம் மாறிய குரலும், கை அசைவும்தான் எடைபோடப்பட்டன.

ஒரு வரைகலைஞரின் வேலைக்குக் கண்ணைப் பார்த்துப் பேசும் திறன் தேவையில்லை. ஆனால் அவ்வேலைக்கான தேர்வு அந்தத் திறனை வைத்தே நடக்கிறது. படைப்புத்துறையில் இச்சிக்கல் மேலும் கூடுதலாக உள்ளது. அங்குப் பல வேலைகள் விளம்பரப்படுத்தப்படுவதில்லை. விழாக்களிலும் விருந்துகளிலும் தேநீர்க் கடைப் பேச்சிலும் ஏற்படும் அறிமுகங்கள் வழியாகவே வாய்ப்புகள் கைமாறுகின்றன. இரைச்சல் மிகுந்த கூட்டத்தில் நிற்க முடியாதவர், வேலை இருப்பதையே அறியாமல் போகிறார்.

புரிதல் இருவழிப்பட்டது

ஆட்டிசம் உடையவர்களுக்குப் பிறர் மனத்தை அறியும் திறன் குறைவு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2012இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் இதை மறுத்து, இருவழிப் பரிவுச் சிக்கல் என்ற கருத்தை முன்வைத்தார். இவரும் ஆட்டிசம் உடையவரே. இரு வேறு அனுபவ உலகங்களைச் சேர்ந்தவர்கள் பேசும்போது, ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுவது இருபக்கத்திலும் நிகழ்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் குறையுடையது என்பது சரியன்று என்பது அவர் வாதம்.

இதைச் சோதிக்க, கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் ஒரு கதையை வரிசையாக எட்டுப் பேர் வழியாகக் கடத்தச் செய்தனர். குழந்தைகள் காதோடு காதாகச் செய்தி சொல்லும் விளையாட்டைப் போன்றது இது. 2020இல் வெளியான முடிவின்படி, ஆட்டிசம் உடையோர் மட்டும் இருந்த வரிசையிலும் பெரும்பான்மை அமைப்பினர் மட்டும் இருந்த வரிசையிலும் செய்தி ஒரே அளவு சென்றுசேர்ந்தது. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில் கூடுதலாகச் சிதைந்தது. 2025இல் அதிகம் பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில் கலப்பு வரிசைகளிலும் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு ஆய்வுகளுக்கும் பொதுவான முடிவு ஒன்றுண்டு: ஆட்டிசம் உடையவர்கள் செய்தியைக் கடத்துவதில் பிறருக்குக் குறைந்தவர்கள் அல்லர். பணியிடத்தில் புரிதல் தவறும்போது ஒருவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

பணியிடங்கள் சில

அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கிரியேட்டிவ் குரோத் என்னும் கலைக்கூடம் 1974 முதல் இயங்கிவருகிறது. ஓவியர் ஃபுளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸும் அவர் கணவர் உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் தங்கள் வீட்டின் வண்டிக் கொட்டகையில் இதைத் தொடங்கினர். பெரிய காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் வெளியே வரத் தொடங்கிய காலம் அது. இங்கு வருபவர்களுக்கு இடமும் பொருள்களும் தரப்படும். உடன் இருப்பவர்களும் கலைஞர்களே. இப்படித்தான் வரைய வேண்டும் என்று எவரும் கற்பிப்பதில்லை.

ஜூடித் ஸ்காட் 1987இல் இங்கு வந்தார். டவுன் நோய்க்குறியுடன் 1943இல் பிறந்த அவருக்குக் காது கேளாது என்பதை எவரும் அறியவில்லை. கேட்காததால் பதில் சொல்லாத சிறுமியை, கற்பிக்க இயலாதவள் என்று முடிவுசெய்து ஏழு வயதில் காப்பகத்தில் சேர்த்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே கழிந்தன. இரட்டையராகப் பிறந்த சகோதரிதான் பின்னர் அவரை அழைத்துவந்தார். கலைக்கூடத்திலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் வண்ணங்களில் நாட்டம் காட்டவில்லை. எவரும் அவரை விலக்கவில்லை. நூல் கலைஞர் ஒருவர் நடத்திய வகுப்பில் நூலைக் கையில் எடுத்த பிறகு, பொருள்களை வண்ண நூல்களால் சுற்றிச் சுற்றிச் சிற்பங்கள் உருவாக்கினார். 2005இல் மறையும் வரை அதைத் தொடர்ந்தார். 2014இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவரது படைப்புகளுக்குப் பெரும் கண்காட்சி நடத்தியது. இரண்டு மாதத்தில் பயன் தெரியாவிட்டால் அனுப்பிவிடுவது என்ற விதி அங்கிருந்திருந்தால், அச்சிற்பங்களில் ஒன்றும் உருவாகியிராது.

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கப்பட்ட பேக் டு பேக் நாடகக் குழுவில், அறிவுசார் குறைபாடு உடையோராகவும் நரம்பியல் மாறுபாடு உடையோராகவும் அறியப்படும் நடிகர்கள் தொழில்முறைக் கலைஞர்களாகப் பணியாற்றுகின்றனர். எழுதி முடித்த வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வது இக்குழுவின் வழியன்று. நடிகர்களின் உரையாடல்களிலிருந்தும் ஒத்திகையில் அவர்கள் தாமாகவே நடித்துப் பார்ப்பதிலிருந்தும் நாடகம் மெல்ல மெல்ல உருவாகிறது. ஆகவே ஒத்திகைக் காலம் நீண்டது. இக்குழு 2022இல் நார்வேயின் சர்வதேச இப்சன் விருதையும், 2024இல் வெனிஸ் நாடக விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதையும் பெற்றது. இவ்விருதுகள் இரக்கத்துக்காகத் தரப்பட்டவை அல்ல. உலக நாடகத்துறையின் உயரிய மதிப்பீடுகள்.

லாஸ் ஏஞ்சலஸில் 2011இல் தொடங்கிய எக்ஸெப்ஷனல் மைண்ட்ஸ், ஆட்டிசம் உடைய இளைஞர்களுக்கு அனிமேஷனும் காட்சி விளைவுகளும் கற்பித்து, திரைப்படப் பணிகளையும் வாங்கித் தருகிறது. படச்சட்டத்தில் உள்ள வேண்டாத குறிகளை நீக்குதல், உருவங்களின் விளிம்பைச் சட்டம் சட்டமாகப் பிரித்தெடுத்தல் போன்ற நுணுக்கமான வேலைகள் அங்கு நடக்கின்றன.

பிக்சார் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'லூப்' என்ற குறும்படம் மற்றொரு எடுத்துக்காட்டு. எரிக்கா மில்சம் இயக்கிய இப்படத்தில், பேச்சு வராத ஆட்டிசம் உடைய சிறுமி ஒருத்தி படகு செலுத்துகிறாள். அப்பாத்திரத்துக்குக் குரல் தந்த மேடிசன் பேண்டியும் பேச்சு வராத ஆட்டிசம் உடையவரே. அவரைப் பழக்கமில்லாத ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைக்காமல், கருவிகளை அவர் வீட்டுக்கே கொண்டுசென்று பதிவு செய்தனர்.

இந்நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்றே. கலைத்தரத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. காலம், இடம், சொல்லும் முறை ஆகியவற்றில் வழக்கத்தை மாற்றிக்கொண்டனர்.

பணிமுறையில் செய்யத்தக்க மாற்றங்கள்

ஆள் எடுத்தல்: விளம்பரத்தில் அவ்வேலைக்கு உண்மையில் தேவையான திறன்களை மட்டும் குறிப்பிடலாம். 'சிறந்த பேச்சுத்திறன்', 'கலகலப்பானவர்' போன்ற தொடர்கள் தேவையற்ற வேலைகளுக்கும் பழக்கத்தால் எழுதப்படுகின்றன. நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவது எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் உதவும். பேச்சைவிட முன்பு செய்த படைப்புகளின் தொகுப்பையும், ஊதியத்துடன் கூடிய சிறு மாதிரிப் பணியையும் வைத்து மதிப்பிடுவது பொருத்தமானது.

பணிக்குறிப்பு: 'இதில் இன்னும் கொஞ்சம் உயிர் வேண்டும்' என்று இயக்குநர் சொன்னால், குழுவினர் ஆளுக்கொரு பொருள் கொள்வர். நேர்ப்பொருளில் புரிந்துகொள்பவர் திகைத்து நிற்பார். 'தலைப்பு எழுத்தைப் பெரிதாக்கவும், பின்னணியின் நீலத்தைக் குறைக்கவும், வியாழன் மாலைக்குள் இரண்டு மாதிரிகள் தரவும்' என்றால் எவருக்கும் ஐயமில்லை. என்ன செய்ய வேண்டும், எப்போது வேண்டும், எது முடிந்த வேலை என்ற மூன்றையும் எழுத்தில் தருவது நல்லது. வாசிப்பு கடினமானவர்களுக்கு அதையே குரல்பதிவாகத் தரலாம்.

கருத்துத் திரட்டும் கூட்டம்: அமெரிக்க விளம்பர நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் புகழ்பெறச் செய்த முறை இது. எல்லாரும் ஒன்றாக அமர்ந்து தோன்றியதை உரக்கச் சொல்வார்கள். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, தனித்தனியே சிந்தித்தவர்களின் கருத்துகளைக் கூட்டிப் பார்த்தால், சேர்ந்து பேசியவர்கள் தந்ததைவிட எண்ணிக்கையில் மிகுதி என்று கண்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதும், அதற்குள் அவரது எண்ணம் நழுவிவிடுவதும் முக்கியக் காரணம் என்று 1987இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோப் ஆகியோர் விளக்கினர். ஆகவே முதல் பத்து நிமிடம் அமைதியாக எழுதிவிட்டுப் பிறகு பேசுவது அனைவருக்கும் பயன் தரும். முந்திக்கொண்டு பேச இயலாதவரும், எண்ணம் மறந்துபோகும் என அஞ்சி இடையில் குறுக்கிடுபவரும் இம்முறையில் ஒரே தளத்தில் நிற்பர்.

பணியிடம்: தடுப்புகளற்ற திறந்த கூடங்கள் படைப்பு நிறுவனங்களின் அடையாளமாகிவிட்டன. அவை உரையாடலை வளர்க்கும் என்பது நம்பிக்கை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரு பெருநிறுவனங்கள் திறந்த கூடத்துக்கு மாறிய பின் ஊழியர்களின் நேரடி உரையாடல் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. ஒலிக்கும் ஒளிக்கும் கூருணர்வு உடையவர்களுக்கு இத்தகைய கூடம் நாள்முழுதும் வதைக்கும் இடம். அமைதியான ஓர் அறை, மாறாத இருக்கை, மங்கலாக்கக்கூடிய விளக்கு, காதில் ஒலித்தடுப்பான் அணிய அனுமதி, வீட்டிலிருந்து பணிபுரியும் நாள்கள் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

நேரம்: மூன்று மாதக் கெடு ஒன்றே ஒன்று இருப்பதைவிட, வாரந்தோறும் சிறு கெடுக்கள் இருப்பது ஏடிஎச்டி உடையோருக்கு உதவும். ஆழ்ந்து வேலை செய்யும் நேரத்தில் அழைப்புகளைத் தவிர்க்கும் ஏற்பாடும் தேவை. படப்பிடிப்பு, ஒத்திகை போன்றவற்றில் அட்டவணை மாறுவது இயல்பு. மாற்றத்தை முடிந்தவரை முன்னதாகச் சொல்வதும், மாறாதவை எவை என்பதையும் சேர்த்துச் சொல்வதும் பதற்றத்தைக் குறைக்கும்.

வெளிப்படுத்துதல்: தம் மாறுபாட்டை மேலாளரிடம் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் ஊழியரின் உரிமை. சொன்னால் வாய்ப்பு குறையும் என்ற அச்சத்தில் பலர் மறைக்கின்றனர். நாள்முழுதும் பிறரைப் போல நடித்து மறைப்பது கடும் களைப்பையும் மனச்சோர்வையும் தரும். ஆகவே 'உங்களுக்கு என்ன பிரச்சினை' என்று கேட்பதைவிட, 'எந்த ஏற்பாடு இருந்தால் உங்கள் வேலை நன்றாக நடக்கும்' என்று எல்லா ஊழியர்களிடமும் கேட்பது சிறந்தது. பிரிட்டனின் கலைத்துறையில், தமக்குத் தேவையான ஏற்பாடுகளை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கும் வழக்கம் உள்ளது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனத்தின் பிரிட்டன் கிளை 2020இல் படைப்புத்துறைக்கென்றே இப்பொருள் பற்றி ஒரு கையேடு வெளியிட்டது.

சட்டப் பாதுகாப்பு

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறன் உடைய ஊழியருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது வேலை தருபவரின் கடமை. அக்கடமைக்கு மேல் ஊழியருக்குத் தேவைப்படும் உதவிக்கு அரசு நிதி அளிக்கும் திட்டமும் அங்கு 1994 முதல் உள்ளது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முந்தைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. ஆட்டிசமும், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இதில் சேர்க்கப்பட்டன. ஏடிஎச்டி தனி வகையாக இடம்பெறவில்லை. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து வழங்கப்படுகிறது. ஒதுக்கீடு பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று தேவை. மேலும் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் இச்சட்டம் கூறுகிறது. இயல்பான வாய்ப்பைப் பெறத் தேவையான மாற்றங்களைச் செய்வதை நியாயமான வசதி ஏற்பாடு என்று சட்டம் வரையறுக்கிறது.

படைப்புத்துறையில் பலர் ஒப்பந்த அடிப்படையிலும் படத்துக்குப் படமும் பணிபுரிபவர்கள். நிரந்தர ஊழியர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிகள் இவர்களை எளிதில் எட்டுவதில்லை. எனவே ஒப்பந்தத்திலேயே ஏற்பாடுகளை எழுதிக்கொள்வது இத்துறையில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

தவறான எண்ணங்களும் விமர்சனங்களும்

ஆட்டிசம் உடையவர்கள் அனைவரும் மேதைகள் என்பது பரவலான தவறு. ஒரு நகரத்தை வானிலிருந்து ஒருமுறை பார்த்து நினைவிலிருந்தே வரையும் பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷயர் போன்றவர்கள் மிக அரியோர். அவரை அளவுகோலாக வைத்தால், சராசரித் திறனுடன் ஒழுங்காக வேலை செய்ய விரும்பும் ஒருவர் ஏமாற்றம் தருபவராகத் தோன்றுவார். பெரும்பான்மை அமைப்பினருள் சராசரித் திறனுடையோர்க்கு வேலை உண்டு. அந்த உரிமை மற்றவர்க்கும் உண்டு.

இக்கருத்து இடர்ப்பாடுகளை மறைத்துவிடுகிறது என்பது மற்றொரு விமர்சனம். முழுநேர உதவி தேவைப்படுவோரின் பெற்றோர் சிலர், மாறுபாடு என்ற மென்மையான சொல் தங்கள் அன்றாடச் சுமையைச் சொல்லவில்லை என்கின்றனர். இவ்விமர்சனத்தில் உண்மை உண்டு. மருத்துவமும் பயிற்சியும் வேண்டியோருக்கு அவற்றைத் தருவதை நரம்பியல் பன்முகத்தன்மைக் கருத்து தடுப்பதில்லை. உதவி தேவைப்படுவது மதிப்புக் குறைவன்று என்பதையே அது வற்புறுத்துகிறது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்து நூலைக் கையில் எடுத்த ஜூடித் ஸ்காட்டுக்குக் கடைசிவரை பிறர் உதவி தேவைப்பட்டது.

மூன்றாவது விமர்சனம் நிறுவனங்களைப் பற்றியது. ஆண்டுக்கு ஒருநாள் விழா எடுத்து, சுவரொட்டி ஒட்டி, பணிமுறையில் எதையும் மாற்றாமல் விடுவது எளிது. ஒரு நிறுவனம் உண்மையில் மாறியிருக்கிறதா என்பதை அறியச் சில கேள்விகள் போதும். நரம்பியல் மாறுபாடு உடையோர் அங்கு வேலைக்கு வந்தபின் எத்தனை ஆண்டுகள் நீடிக்கின்றனர்? பதவி உயர்வு பெறுகின்றனரா? தமக்கு வேண்டிய ஏற்பாட்டைக் கேட்டவருக்கு அடுத்த வேலையும் கிடைத்ததா? முடிவெடுக்கும் மேசையில் அவர்களுள் ஒருவராவது அமர்ந்திருக்கிறாரா?